ஒரகடத்தில் ஒரு ரிட்டையர்டு லாரி

ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை மணி ஏழு. ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு நான் கண் விழித்ததாகவே சரித்திரம் கிடையாது. கிளம்பும்போது வீட்டில் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"எங்கே?"

"ஒரு லாரி பார்க்கப் போறேன்."

"வாங்கவா?"

"சேச்சே, சும்மா பார்க்க."

சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

விஷயம் இதுதான். ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் ஒரு பிளாட் வாங்கிப் போட்டிருக்கிறார். மாதம் ஒரு தடவை போய், பிளாட் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். போன மாதம் வந்தவர் சொன்னார்: "அங்க ஒரு மிலிட்டரிக்காரர், பழைய ராணுவ லாரி ஒண்ணைப் பிரிச்சுப் போட்டு மூணு வருஷமா புதுசு பண்ணிட்டிருக்கார். நிஸான் லாரி. நிஸான் கம்பெனிக்குப் பக்கத்துலயே நிஸான்! ஆனா ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லையாம்."

சம்பந்தம் இருந்தும் இல்லாதது மாதிரி இருக்கிற விஷயம் என்றால் எனக்கு ஒரு சபலம். கிளம்பிவிட்டேன்.

* * *

ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிட்டு ஆதிகேசவப் பெருமாளைப் பார்க்காமல் போகக் கூடாது. 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர். கோயிலில் இருக்கும் அவருடைய திருமேனிக்குத் 'தானுகந்த திருமேனி' என்று பெயர். அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்து, அவரே பார்த்து உகந்து தழுவிக்கொண்டது என்பது வைணவ மரபு. இதைப் போல இன்னும் இரண்டு உண்டு. மேல்கோட்டையில் இருப்பது சிஷ்யர்கள் விரும்பிச் செய்துகொண்ட 'தமர் உகந்த திருமேனி'. ஸ்ரீரங்கத்தில் இருப்பது 'தானான திருமேனி'. அதாவது சாட்சாத் அவரே.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பேரனுக்கு இந்த மூன்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். பையன், "மூணுல எது தாத்தா ஒரிஜினல்?" என்று கேட்டான். தாத்தா பதில் சொல்லாமல் பிரசாதம் வாங்கப் போய்விட்டார். லாரி பார்க்கப் போகிறவனுக்கு இந்தக் கேள்வி பின்னால் உதவும் என்று அப்போது தோன்றவில்லை.

வெளியே வந்து, 1991 மே 21 இரவை நினைவுபடுத்தும் ராஜீவ் நினைவிடம் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிங்கபெருமாள்கோயில் பஸ்ஸில் ஏறினேன். வல்லம், வல்லக்கோட்டை, ஒரகடம் என்று போகிற ரோடு. ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாகக் கிடந்த பூமி. இப்போது காம்பவுண்டு சுவர் முடிந்தால் இன்னொரு காம்பவுண்டு சுவர். ஞாயிற்றுக்கிழமையிலும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. உள்ளே கழுத்தில் அடையாள அட்டையோடு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பையன்கள். நைட் ஷிப்ட் முடிந்து போகிறார்களா, காலை ஷிப்டுக்குப் போகிறார்களா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் ஒரே தூக்கம்தான்.

இந்தப் பக்கத்தின் கார் ஜாதகம் சுருக்கமாக: 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தார்கள். 2012 ஏப்ரலில் 400 ஏக்கரில் டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலை. பாரத்பென்ஸ் லாரிகள் பிறக்கும் இடம். 2013-ல் ராயல் என்ஃபீல்டும் வந்து சேர்ந்தது. வண்டிகளைச் சோதித்துப் பார்க்கவென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்றும் ஒரகடத்தில் இருக்கிறது.

ரெனோ-நிஸான் ஆலைக்கு வருஷத்துக்கு 4 லட்சம் கார் செய்கிற திறன் என்று திறக்கும்போது சொன்னார்கள். பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தவன் கணக்குப் போட்டேன். தீபாவளி, பொங்கல், ராத்திரி, பகல் எதற்கும் லீவு விடாமல் ஓடினால் 79 விநாடிக்கு ஒரு கார்! நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று கார்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு மனுஷர் ஒரு லாரிக்கு மூன்று வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

* * *

ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கி டீக்கடையில் விசாரித்தேன். "மிலிட்டரி ஷெட்டா? நேராப் போய் வேப்பமரத்துல திரும்புங்க. சத்தம் கேக்கும்" என்றார் மாஸ்டர். கேட்டது. கேட்டது லாரி சத்தமில்லை, திட்டுகிற சத்தம்.

"டேய் தம்பி! சுத்தியலால அடிக்காத, தட்டு! அடிக்கிறதுக்கும் தட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நீ இன்னும் பாம்பேர்லயே மாட்டிட்டிருக்கன்னு அர்த்தம்!"

தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே, மூக்கு நீண்ட, தோள் அகன்ற ஒரு லாரி. முன்னால் கம்பி கம்பியாகக் கிரில். இரண்டு உருண்டை ஹெட்லைட். ஒரு பெரிய எருமை புல்லைப் பார்த்துத் தலையைத் தூக்கியது மாதிரி ஒரு பார்வை. உடம்பு முழுக்க ரெட் ஆக்சைடு அடித்துச் செக்கச்செவேல் என்று நின்றது. அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கட்டம் போட்ட லுங்கி, ஒன்று ஜீன்ஸ்.

லுங்கி வெளியே வந்தது. எழுபது வயசு. முதுகு மட்டும் இருபத்தைந்து. வேலூர் பக்கத்துக்காரர். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார்கள் என்று பெயர் வாங்கிய பக்கம். இ.எம்.இ. என்கிற ராணுவ மெக்கானிக் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து 1994-ல் ஓய்வு பெற்றவர். "பேரெல்லாம் பத்திரிகைல போடாதீங்க சார். பென்ஷன்காரனுக்கு எதுக்கு விளம்பரம்?" என்றார். ஆகவே ஹவில்தார் என்றே வைத்துக்கொள்வோம்.

"இதைப் பார்க்கவா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, லாரியின் மட்கார்டைத் தட்டினார். "நிஸான் கேரியர். ஒரு டன் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். எங்க பட்டாளத்துல 'ஒன் டன்'னு சொன்னாலே இதான்."

டேஷ்போர்டு பக்கம் ஒரு சின்னத் தகடு. ஜபல்பூர், 1974 என்று படிக்க முடிந்தது.

இங்கேதான் அந்தச் 'சம்பந்தம் இருந்தும் இல்லாத' கதை வருகிறது. நிஸான் என்றால் நமக்கு 2010-ல் ஒரகடத்துக்கு வந்த கம்பெனி. ஆனால் அதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே அது ராணுவ உடுப்புப் போட்டுக்கொண்டு ஜபல்பூருக்கு வந்துவிட்டது. ஜெர்மனியின் மேன் கம்பெனி லைசென்ஸில் 1959-லிருந்து ஜபல்பூரில் சக்திமான் லாரி செய்யத் தொடங்கினார்கள். அறுபதுகளில் நிஸானின் லைசென்ஸும் கிடைத்தது. அதில் பிறந்தவை இரண்டு பிள்ளைகள். ஒன்று இந்த ஒரு டன் கேரியர். மற்றொன்று ஜோங்கா. கேட்டால் ஏதோ ஆப்பிரிக்க நடனம் மாதிரி இருக்கிறது. உண்மையில் 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி' என்பதன் சுருக்கம். ஜோங்கா 1999 வரை செய்தார்கள். சக்திமானுக்குப் பதிலாக வந்த ஸ்டாலியன், நம் அசோக் லேலண்டின் வண்டி. 2019-ல் நம்ம 'தல' தோனி ராஞ்சித் தெருக்களில் ஒரு பழைய ராணுவ நிஸானை ஓட்டிப் போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பம்தான்.

ஒரகடத்தில் அந்தக் கூட்டணியும் மாறிவிட்டது. 2025-ல் நிஸான் தன் பங்கை ரெனோவிடமே கொடுத்துவிட்டது. நிஸான் கார்களை இப்போது ரெனோ செய்து கொடுக்கிறது. ஹவில்தாரிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப ஒரகடத்துல நிஸானுக்குச் சொந்தமா ஒண்ணும் இல்லையா?"

"இல்லை."

"எனக்கு ஒண்ணு இருக்கு" என்றார், லாரியைப் பார்த்து.

* * *

லாரி எப்படிக் கிடைத்தது? ராணுவம் கழித்து ஏலம் விட்டதில் யாரோ எடுத்து, சிவில் நம்பர் வாங்கி, கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஒரு கல்குவாரிக்கு வந்திருக்கிறது. அங்கே நீல பெயின்ட் அடித்து, பின்னால் ஏதோ ஒரு சாமி பெயர் எழுதி, பத்துப் பன்னிரண்டு வருஷம் கல் சுமந்துவிட்டு ஒரு நாள் நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே முள்செடி முளைத்து, பாம்பு குடியேறி, காயலான் கடைக்காரர் எடை போட வந்த சமயத்தில் ஹவில்தார் அந்த வழியாக ஸ்கூட்டரில் போயிருக்கிறார்.

"என்ன பார்த்தேன் தெரியுமா சார்? நீல பெயின்ட் உரிஞ்சு, பம்பர்ல அம்பு தெரிஞ்சுது."

ராணுவ வண்டிகளின் நம்பரில் மேல் நோக்கிய ஒரு அம்பு இருக்கும், கவனித்திருப்பீர்கள். 'இது சர்க்கார் சொத்து' என்பதற்கு வெள்ளைக்காரன் பல நூறு வருஷமாகப் போட்டுவந்த முத்திரை, நாமும் வைத்துக்கொண்டோம். அந்த அம்பைப் பார்த்ததும் ஹவில்தார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். காயலான் கடைக்காரர் சொன்ன விலைக்கு மேல் போட்டு வாங்கிவிட்டார். வீட்டில் இரண்டு மாதம் பேச்சுவார்த்தை கிடையாது.

"கூடப் பட்டாளத்துல இருந்தவனைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னா போடுவீங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு ஆபீஸில் கூட இருக்கும் ஓரிருவர் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

பிறகு ஆரம்பித்தது வேலை. இன்ஜின் ஆறு சிலிண்டர், பெட்ரோல், 3,956 சி.சி. நம் 800 சி.சி. கார் ஐந்தை ஒன்றாகக் கட்டியது மாதிரி. அத்தனை வருஷம் ஓடாமல் கிடந்ததில் பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டிப்போய்விட்டன. பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியே மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து விட்டு, பத்து நாள் காத்திருந்து, நீளக் கம்பி போட்டு ஒரு அங்குலம் திருப்பி, திரும்ப விட்டு, திரும்பக் காத்திருந்து... "ஹாஸ்பிடல்ல ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்திருக்கிற மாதிரி சார்." பதினெட்டாம் நாள் கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றியபோது ஹவில்தார் அழுதுவிட்டார் என்று ஜீன்ஸ் பையன் சொன்னான். "மண்ணெண்ணெய் கண்ணுல பட்டுடுச்சுடா" என்றார் அவர்.

அப்புறம் லேத்துக்கு எடுத்துப் போய் போரிங், புது ரிங், கேஸ்கட், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுதல், கமான் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துரு நீக்கி கிரீஸ் வைத்துக் கட்டுதல். கிடைக்காத சாமானுக்குப் புதுப்பேட்டை. அங்கேயும் கிடைக்காததற்கு டெல்லி மாயாபுரி. அங்கேயும் கிடைக்காவிட்டால் அம்பத்தூரில் லேத் வைத்திருக்கும் நண்பரிடம் மாதிரி கொடுத்துக் கடைந்துகொள்வது. ஒரு யூ ஜாயின்ட்டுக்காக மாயாபுரியில் மூன்று நாள் அலைந்ததை அவர் சொன்னபோது, ஏதோ எல்லைப் போர் அனுபவம் கேட்கிற மாதிரியே இருந்தது.

* * *

இப்போது ஜீன்ஸைப் பற்றி. வயசு இருபத்திரண்டு. திருவண்ணாமலைப் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. ரூமுக்குப் போகும் வழியில் ஷெட்டை எட்டிப் பார்த்தவன், ஒன்றரை வருஷமாக வார லீவு தோறும் வருகிறான். சம்பளம் கிடையாது. மத்தியானம் ஹவில்தார் வீட்டுச் சாப்பாடு.

"லைன்ல என் ஸ்டேஷன்ல நாலு போல்ட் சார். கன்னை வச்சு அழுத்துனா 'டக்'னு நிக்கும். பச்சை லைட் எரியும். அடுத்த வண்டி வந்துடும். மறுபடி நாலு போல்ட்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"எண்ணக் கூடாது சார். எண்ணுனா நேரம் போகாது."

ஷெட்டுக்கு வந்த முதல் நாள் அவனிடம் ஒரு ஸ்பானரைக் கொடுத்திருக்கிறார் ஹவில்தார். ஐம்பது வருஷத்துத் துருப் பிடித்த போல்ட். பையன் பலம் கொண்ட மட்டும் திருப்பியதில் தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. மிச்சத்தை டிரில் போட்டு எடுக்க ஒரு முழு நாள். "அன்னிக்கு அய்யா ஒண்ணுமே திட்டலை சார். அதான் பயமா இருந்துச்சு. சூடு காட்டு, எண்ணெய் விடு, தட்டு, காத்திருன்னு மட்டும் சொன்னாங்க. இங்க பச்சை லைட் கிடையாது. போதும்கிறதைக் கைதான் சொல்லணும்."

ஒன்றரை வருஷத்தில் அவன் இந்த லாரியைப் பூராவும் கழற்றிப் பூட்டியிருக்கிறான். சேஸிஸ் நம்பரிலிருந்து கடைசி வாஷர் வரை தெரியும். லைனில் தினமும் தன் முன்னால் போகிற வண்டியில் நாலு போல்ட் மட்டும் தெரியும்.

"காண்ட்ராக்ட் எப்ப முடியுது?"

"இன்னும் ரெண்டு மாசம் சார்."

அதற்கப்புறம்? இன்னொரு கம்பெனி, இன்னொரு காண்ட்ராக்ட், வேறு நாலு போல்ட். இங்கே கம்பெனிகளுக்கே ஆயுசு நிச்சயமில்லை. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை வந்தபோது என்ன ஆரவாரம்! 2014 நவம்பர் 1-ல் மூடிவிட்டார்கள். எட்டே வருஷம். இந்த லாரி ராணுவத்திலும் குவாரியிலுமாக அதைப்போலப் பல மடங்கு உழைத்திருக்கிறது.

எனக்கு ஒரு குதர்க்கமான கேள்வி வந்தது, கேட்டும் விட்டேன். "2025-ல ஹூண்டாய் இங்கேயே எலெக்ட்ரிக் கிரெட்டா செய்ய ஆரம்பிச்சாச்சு. இவன் கார்புரேட்டர் கத்துக்கிட்டு என்ன சார் பண்ணப்போறான்?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்டிருக்கக் கூடாது.

ஹவில்தார் பீடியை அணைத்தார். "வாஸ்தவம். கார்புரேட்டர் இனிமே சோறு போடாது. ஆனா ஒண்ணு சார். வந்த புதுசுல இவன் வண்டி நின்னா என் மூஞ்சியைப் பார்ப்பான். இப்ப வண்டியைப் பார்க்கிறான். அது எலெக்ட்ரிக்குக்கும் வேணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ வந்திருந்தது.

* * *

டீ குடிக்கும்போதுதான் பெரிய பிரச்னை வெளியே வந்தது. பெயின்ட்.

இன்ஜின் தயார், பிரேக் தயார், தார்ப்பாய் தைத்தாகிவிட்டது. ரெட் ஆக்சைடுக்கு மேல் கலர் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. "ஆலிவ் பச்சைதானே?" என்றேன் அலட்சியமாக.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடிச்சா உள்ள போடுவாங்க சார்" என்றான் பையன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 121-வது விதி. பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. காரணம் சொல்லவே வேண்டாம். ராணுவ வேஷம் போட்டுக்கொண்டு எவனாவது எங்காவது நுழைந்துவிட்டால்? நியாயமான விதிதான். ராயல் என்ஃபீல்டே இதற்குக் கட்டுப்பட்டது. 2018-ல், உலகப் போரில் பாராசூட்டில் குதித்த குட்டி பைக்கின் நினைவாகப் 'பெகாசஸ்' என்று 1,000 புல்லட் செய்தார்கள். பிரவுன், ஆலிவ் பச்சை என இரண்டு கலர். இந்தியாவுக்கு ஒதுக்கிய 250-ம் பிரவுன்தான். தமிழ்நாட்டுக் கம்பெனி செய்த வண்டியின் பச்சையை வெளிநாட்டுக்காரன்தான் ஓட்ட முடிந்தது!

பிரான்ஸில் நார்மண்டி கடற்கரையில் ஒவ்வொரு ஜூன் மாதமும், 1944-ல் படைகள் இறங்கிய நாளைக் கொண்டாட, பழைய ராணுவ லாரிகளைப் புதுசு போலாக்கிப் பச்சையும் வெள்ளை நட்சத்திரமுமாக ஓட்டி வருகிறார்கள். அங்கே கலர் இல்லாவிட்டால் மதிப்பே இல்லை. இங்கே கலர் இருந்தால் ரோட்டில் இறக்க முடியாது.

"சரி, விண்டேஜ் வண்டின்னு தனியா பதிவு பண்ணிக்கலாமே?" என்றேன். படித்தவன் இல்லையா!

"அதையும் பார்த்தாச்சு" என்றார் ஹவில்தார். 2021-ல் வந்த விண்டேஜ் விதியின்படி ஐம்பது வயசு தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் உண்டு. ஆனால் டூ வீலருக்கும், சொந்த உபயோகக் காருக்கும்தான். சரக்கு லாரி அந்த லிஸ்டிலேயே இல்லை. வயசு இருக்கிறது, தகுதி இல்லை! ஆகவே பழைய ஆர்.சி.யையே புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்டி வைத்திருக்கிறார். கலர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்ததில் சாம்பல் நிறம் என்று பதிவாகியிருக்கிறது.

அதாவது, ஒவ்வொரு நட்டும் 1974-ல் இருந்த மாதிரியே ஆக்கிவிட்டார். எல்லாரும் பார்க்கிற ஒரு விஷயம் மட்டும் 1974 ஆக முடியாது.

"அப்ப புதுசு மாதிரின்னு எதை சார் சொல்றது?" என்று கேட்டேன்.

"பட்டாளத்துல புதுசு, பழசெல்லாம் கிடையாது. ரெண்டே ரெண்டுதான். ஆன் ரோடு, ஆஃப் ரோடு. கூப்பிட்டா வரணும். வந்தா ஆன் ரோடு. காயலான் கடைக்காரன் தராசுல ஏறிட்டிருந்தது இது. இப்ப சாவி போட்டா வருது. கலர் என்ன கலர்? நான் ரிட்டையர் ஆனப்ப என் பச்சையையும் கழட்டி வாங்கிக்கிட்டாங்க. அதுக்காக நான் நான் இல்லைன்னு ஆயிடுமா?"

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கொஞ்சம் அவசரமாகத்தான் போனார். காலையில் கோயிலில் கேட்ட பேரன் ஞாபகம் வந்தான். மூணுல எது தாத்தா ஒரிஜினல்?

* * *

சாயங்காலம் நாலு மணிக்கு டெஸ்ட் ரைடு. வல்லக்கோட்டை முருகன் கோயில் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். பெயின்ட் அடிக்கும் முன் கடைசி ஓட்டம்.

நான் பின்னால் பலகை சீட்டில். ஹவில்தார் டிரைவர் சீட்டில் ஏறுவார் என்று பார்த்தால், சுற்றி வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தார். "தம்பி, எடு."

பையன் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். ஸ்டார்ட்டர் இரண்டு தடவை முனகியது. மூன்றாவது தடவை... எப்படிச் சொல்வது? இப்போதைய கார்கள் ஸ்டார்ட் ஆவது வெளியே தெரியாது. இது ஸ்டார்ட் ஆனது வேப்பமரத்துக் காக்கைகளுக்கெல்லாம் தெரிந்தது. ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொண்டு, அப்புறம் ஒரே மூச்சாகச் சேர்ந்து, பலகை வழியாக என் முதுகெலும்பில் ஏறியது.

"டபுள் கிளட்ச்! அவசரப்படாத. காது என்ன சொல்லுது? ம், இப்ப போடு!"

கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு ரேஸ், திரும்ப மிதித்து கியர். கரகரப்பே இல்லாமல் விழுந்தது. ஹவில்தார் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை என்றால் பாராட்டு என்று அர்த்தமாம்.

ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் எங்களைத் தாண்டியது. தூங்கி வழிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒருத்தன் ஜன்னலைத் திறந்து, "மச்சான், நீயாடா?" என்று கத்தினான். பையன் பதிலுக்கு ஹாரன் அடித்தான். நாளைக்கு லைனில் அவன் பக்கத்து ஸ்டேஷனில் நிற்கிறவனாம்.

கோயில் வாசலில் புது வண்டிகள் நாலைந்து பூஜைக்கு நின்றன. மாலை போட்ட புதுக் காருக்குப் பக்கத்தில் செங்கல் கலரில் எங்கள் லாரி. குருக்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புது வண்டியா, பழைய வண்டியா?" என்று கேட்டார். புது வண்டிக்கு ஒரு பூஜை, பழசுக்கு ஒன்று போலிருக்கிறது.

ஹவில்தார் யோசித்தார். "ஆன் ரோடு சாமி" என்றார்.

குருக்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஆறாயிரம் கார் பார்த்த எலுமிச்சம்பழம் மாதிரி இல்லை. நிஸான் ஏறியதும் சத்தமே இல்லாமல் நசுங்கிப்போயிற்று.

* * *

மூன்று வாரம் கழித்து, என் பக்கத்து சீட்டுக்காரர் பிளாட்டைப் பார்க்கக் கிளம்பும்போது நானும் தொற்றிக்கொண்டேன்.

லாரி சாம்பல் நிறத்தில் பளபளவென்று நின்றது. நன்றாகத்தான் இருந்தது. பம்பரில் அம்பு இல்லை, சிவில் நம்பர். ராணுவத்திலிருந்து வந்தது என்று சொன்னால்தான் தெரியும். மஃப்டியில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி, நிற்கிற தோரணையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"உள்ள வந்து பாருங்க சார்" என்று பையன் கூப்பிட்டான். டிரைவர் சீட்டுக் குஷனைத் தூக்கினான். அடியில், தகரத்தில், ஒரு உள்ளங்கை அளவுக்கு மட்டும் சாம்பல் பெயின்ட் படாமல் விட்டிருந்தது. எமரி போடாத, ரெட் ஆக்சைடு அடிக்காத, 1974-ல் ஜபல்பூரில் யாரோ அடித்த பெயின்ட். மங்கிப்போன ஆலிவ் பச்சை.

"அய்யா சுரண்டச் சொன்னாங்க. நான்தான் அந்த இடத்தை மட்டும் விட்டுடுறேன்னு கேட்டேன். சட்டத்துக்குத் தெரியாது சார். சீட்டுக்கு அடியில இருக்கு."

ஹவில்தார் தூரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார், எங்களைப் பார்க்காத மாதிரி.

"உன் காண்ட்ராக்ட் என்னாச்சுப்பா?" என்று கேட்டேன்.

"அடுத்த மாசம் முடியுது சார். ரெண்டு இடத்துல எழுதிப் போட்டிருக்கேன். பார்க்கலாம்." சீட்டுக் குஷனை ஜாக்கிரதையாகத் திரும்ப வைத்தான். கையால் ஒரு தட்டுத் தட்டினான். அடிக்கவில்லை, தட்டினான்.

வெளியே ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அவனுக்கு செகண்ட் ஷிப்ட். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான், அன்றைக்கு உண்டான போல்ட்டுகளை முடுக்க.